வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் சொனாட்டாக்களில் (பல பகுதிகள் கொண்ட மேற்கத்திய இசைப் படைப்புகளில்) சிறந்தவை எவை? புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

ஒன்றே ஒன்று சொல் என்றால் செசார் ஃப்ராங்க் 1886-இல் எழுதிய ஏ மேஜர் சொனாட்டாவைச் சொல்வேன். (ஏ, ஜி என்பவை ஆதார ஸ்வரத்தின் பெயர்கள்; மேஜர் பெரும்பாலும் வெளிச்சமாகவும் மைனர் இருண்டும் ஒலிக்கும்.) கூடவே ஒரு வேண்டுகோள்: காதைப் பியானோவின் பக்கம் வையுங்கள். 'வயலின் சொனாட்டா' என்று சுருக்கிச் சொல்லிச் சொல்லியே பியானோவைப் பக்கவாத்தியம் ஆக்கிவிட்டோம். மொஸார்ட் காலத்தில் நிலைமை தலைகீழ். அன்று அச்சான பிரதிகளில் பியானோவின் பெயர்தான் முதலில். 'வயலின் துணையுடன்' என்பது பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் சரிக்குச் சரி நிற்கும் படைப்புகளைத்தான் நான் இந்த வகையில் உச்சம் என்பேன்.

அப்படிப் பார்த்தால் பீத்தோவனின் 'க்ரொய்ட்சர்' (ஓபஸ் 47, அதாவது அவர் படைப்பு வரிசையில் 47) தப்பவே முடியாதது. தலைப்பிலேயே 'கிட்டத்தட்ட ஒரு கன்செர்ட்டோ போல' (தனி வாத்தியம் இசைக்குழுவோடு மோதும் படைப்பு போல) என்று எழுதிவைத்தார் மனுஷர். தொடக்கத்தில் வயலின் மட்டும் தனியாக, ஒரே வில்வீச்சில் பல தந்திகளை இழுத்து, ஏ மேஜரில் நிதானமாகப் பேசும். பியானோ அதே பேச்சை எடுத்து மைனர் பக்கம் திருப்பிவிடும். வாக்குவாதம் அங்கேயே ஆரம்பம்.

அரங்கேற்றம் 1803 மே 24, வியன்னாவின் அவ்கார்ட்டன் பூங்காவில், காலை எட்டு மணிக்கு. வயலின் வாசித்தவர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். ஆப்பிரிக்க வம்சாவளித் தந்தைக்குப் பிறந்து இங்கிலாந்தில் பெயர் வாங்கியவர். அன்று விடியற்காலை நாலரைக்கே பீத்தோவன் தன் மாணவர் ரீஸை வரவழைத்து முதல் பகுதியின் வயலின் பாகத்தைப் படியெடுக்கச் சொன்னாராம். இரண்டாம் பகுதிக்கு நேரமே இல்லை. பிரிட்ஜ்டவர் பீத்தோவனின் கையெழுத்துப் பிரதியையே பார்த்து வாசிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கையெழுத்தைப் படத்திலாவது பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன பாடு என்று! முதல் பகுதியில் பியானோவுக்கு வரும் ஒரு வேகமான ஓட்டத்தை அவர் தன் இஷ்டத்துக்கு வயலினிலும் வாசித்துக் காட்ட, பியானோவில் இருந்த பீத்தோவன் துள்ளி எழுந்து கட்டிக்கொண்டு 'இன்னொரு தடவை' என்றாராம். இது பிரிட்ஜ்டவரே விட்டுச்சென்ற குறிப்பு. பிறகு இருவருக்கும் மனத்தாங்கல், காரணம் ஒரு பெண் என்பதும் அவர் சொன்னதுதான். கடைசியில் சொனாட்டாவின் காணிக்கை பாரிஸில் இருந்த வயலின் கலைஞர் ரொடால்ஃப் க்ரொய்ட்சருக்குப் போயிற்று. அவரோ அதை மேடையில் வாசிக்கவே இல்லை என்கிறார்கள். பெயர் மட்டும் அவருடையது.

ஃப்ராங்குக்கு வருகிறேன். வயலின் மேதை யூஜின் இஸாயியின் கல்யாணப் பரிசு இந்த சொனாட்டா. எழுதும்போது ஃப்ராங்குக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. 1886 டிசம்பர் 16 அன்று பிரஸ்ஸல்ஸில் ஓர் ஓவியக் காட்சியகத்தில் கச்சேரி. நிகழ்ச்சி நிரலில் இதுதான் கடைசி. குளிர்காலம், சாயங்காலத்துக்குள் இருட்டிவிட்டது. படங்கள் இருக்கும் கூடத்தில் விளக்கு ஏற்றக் கூடாது என்பது விதி. முதல் பகுதி முடிந்ததுமே தாள் தெரியவில்லை. மீதி மூன்று பகுதிகளையும் இஸாயியும் பியானோ வாசித்த லியோன்டின் போர்ட்-பென்னும் இருட்டிலேயே மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள். இரண்டாம் பகுதியின் பியானோவைக் கேட்டுவிட்டு இதை யோசித்துப் பாருங்கள். விரல்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லாத பகுதி அது. ஃப்ராங்கின் கை பெரியது. மற்றவர்கள் கையை அவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான்காம் பகுதிதான் எனக்குப் பிடித்த இடம். பியானோ ஒரு மெட்டைத் தொடங்கும். ஒரே ஒரு தாள அளவு தள்ளி வயலின் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும், முன்னே போகிற அக்காவின் வாயைப் பார்த்துப் பாட்டுச் சொல்லும் தங்கச்சி மாதிரி. முதல் தடவை கேட்கையில் வெறும் இனிமையாக மட்டுமே தோன்றும். பியானோவின் மேல் வரியைத் தனியாகப் பிரித்துக் கேட்டால்தான் இந்தத் துரத்தல் பிடிபடும்.

பிராம்ஸ் மூன்று எழுதினார், மூன்றுமே நல்லவை. எனக்கு முதலாவது (ஜி மேஜர், ஓபஸ் 78). 1879-இல் முடித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பிராம்ஸின் நெருங்கிய தோழியான பியானோ கலைஞர் கிளாரா ஷூமனின் கடைசி மகன், பிராம்ஸுக்கு ஞானஸ்நானப் பிள்ளையான ஃபெலிக்ஸ் இறந்துபோனார். கடைசிப் பகுதியில் பிராம்ஸ் தன் பழைய 'மழைப் பாடல்' மெட்டை எடுத்தாள்கிறார். வயலின் பாட, கீழே பியானோ விடாமல் தூறிக்கொண்டே இருக்கும். அந்த மெட்டின் தொடக்கத்தில் ஒரே ஸ்வரம் மூன்று தரம் வரும். முதல் பகுதியும் அதே மூன்று தட்டில்தான் தொடங்கியது என்பது அப்போதுதான் உறைக்கும்.

நேரம் குறைவு என்றால் மொஸார்ட்டின் ஈ மைனர் (கே. 304; 'கே.' அவர் படைப்புப் பட்டியலின் எண்). இரண்டே பகுதிகள். 1778-இல் எழுதினார், அதே ஆண்டு பாரிஸில் அவர் தாயார் இறந்தார். சோகத்துக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. இரண்டாம் பகுதியின் நடுவில் மேஜருக்கு மாறும் அந்தச் சின்ன இடத்துக்கு எந்தக் காரணமும் தேவையில்லை.

இருபதாம் நூற்றாண்டில் டெபுஸ்ஸி (1917, அவர் முடித்த கடைசிப் பெரிய படைப்பு), பிறகு புரோகோஃபியெவின் எஃப் மைனர். புரோகோஃபியெவினுடையது கனத்தது, ராத்திரி தூங்கப் போகும் முன் வேண்டாம். ராவேல் இந்த இரண்டு வாத்தியங்களும் ஒட்டவே ஒட்டாது என்று நினைத்தவர். நினைத்துக்கொண்டே ஒன்று எழுதினார், நடுப்பகுதிக்கு 'ப்ளூஸ்' என்று பெயரிட்டு. பீத்தோவனின் 'ஸ்பிரிங்' சொனாட்டாவை விட்டுவிட்டாயே என்பீர்கள். அதை எப்படியும் யாராவது உங்களுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒலிப்பதிவுகளில் ஃப்ராங்குக்கு ஓய்ஸ்ட்ராக்–ரிக்டர் ஜோடி. மொஸார்ட்டுக்கு க்ரூமியோ–ஹாஸ்கில். க்ரொய்ட்சருக்கு 1940-இல் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் ஸிகெட்டி வாசித்த கச்சேரிப் பதிவு. ஒலி பழசு, ஸிகெட்டியின் வில்லும் அங்கங்கே கரகரக்கும். பரவாயில்லை, பியானோவில் இருப்பவர் பெரும் இசையமைப்பாளர் பேலா பார்டோக்.