சிறு குழுவுக்கான ஸ்கூபா படகு: எதைக் கேட்டுத் தேர்வது?

கேள்வி: நானும் நண்பர்கள் மூவரும் நூறு முறைக்கு மேல் ஸ்கூபா முக்குளிப்பு செய்தவர்கள். வெப்பமண்டலத் தீவு ஒன்றில் சிறு குழுவுக்கான படகை அமர்த்த எண்ணுகிறோம். விளம்பரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ‘சிறு குழு’ என்ற சொல்லை மட்டும் நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். படகில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைவிட, நீருக்குள் ஒரு வழிகாட்டியின் பின்னால் எத்தனை பேர் செல்கிறார்கள் என்பதே முக்கியம். நால்வருக்கு ஒருவர் என்றால் நல்லது. புதியவர்களையும் உங்களோடு சேர்த்து இறக்குவார்களா என்று கேளுங்கள். ஏனெனில், காற்றை விரைவில் தீர்த்துவிடும் ஒருவருக்காகக் குழு முழுவதும் 35 நிமிடத்தில் மேலேற நேர்ந்தால், உங்கள் அனுபவத்துக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் கடைசி முக்குளிப்பு எப்போது, எவ்வளவு ஆழத்தில் என்று அவர்கள் விசாரித்தால் எரிச்சல் கொள்ள வேண்டாம். எதுவுமே கேட்காமல் பணம் வாங்கும் படகைத்தான் நான் சந்தேகிப்பேன்.

நைட்ராக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலான சுவாசக் கலவை) கிடைக்குமா, சிலிண்டரில் உள்ள ஆக்சிஜன் அளவை நீங்களே சோதித்துப் பார்க்கக் கருவி தருவார்களா என்பதையும் உறுதிசெய்யுங்கள். 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட கலவையை, ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்துக்கு வழக்கமாக வைக்கும் 1.4 பார் வரம்பின்படி, சுமார் 33 மீட்டருக்குக் கீழே பயன்படுத்தக் கூடாது.

அவசரகால ஆக்சிஜன் படகிலேயே இருக்க வேண்டும். எல்லோரும் நீரில் இருக்கும்போது படகை இயக்கத் தெரிந்த ஒருவர் மேலே காத்திருக்க வேண்டும். முக்குளிப்பால் வரும் அழுத்தக் குறைவு நோய்க்குச் சிகிச்சை தரும், அருகிலுள்ள உயர் அழுத்த அறை எங்கே என்ற கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் வர வேண்டும். பல நாள் முக்குளிப்புக்குப் பின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி தேவை என்பதால், கடைசி நாளைக் கடலுக்கு ஒதுக்காதீர்கள்.