12 காப்பீட்டு நிறுவனங்களின் திறனை அளந்தால், 9-க்கு முழு மதிப்பெண்ணான 1 வருவது ஏன்?

கணக்கில் பிழை இல்லை, மாறிகள்தான் அதிகம். 4 உள்ளீடு, 3 வெளியீடு என்றால் தரவு உறை பகுப்பாய்வுக்கு (உள்ளீடு, வெளியீட்டை வைத்து நிறுவனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திறனை அளக்கும் முறை) குறைந்தது 3 × 7 = 21 நிறுவனங்களாவது வேண்டும் என்பது நடைமுறை விதி. உங்களிடம் 12 மட்டுமே. அதனால் ஏதாவது ஒரு விகிதத்தில் முந்தினாலே 1 கிடைத்துவிடுகிறது.

கமிஷன், சம்பளம், நிர்வாகச் செலவு மூன்றையும் ஒரே இயக்கச் செலவாக்குங்கள். பங்கு மூலதனம் இரண்டாவது உள்ளீடு. வெளியீடாக, ஏற்பட்ட இழப்பீடும் முதலீட்டுச் சொத்தும் போதும். எல்லாவற்றையும் ஒரே அடிப்படை ஆண்டின் விலைக்கு மாற்றிவிடுங்கள்.

பிரீமியத்தை வெளியீடாக வைத்திருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். அது விலையும் அளவும் கலந்த தொகை. கட்டணத்தை ஏற்றிய நிறுவனம் திறமையானதாகத் தெரியும். இழப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு: பெருவெள்ளம் வந்த ஆண்டில் அது எகிறி, உற்பத்தி கூடியதுபோல் காட்டும். அந்த ஆண்டுக்கு மூன்றாண்டுச் சராசரியைப் போடுவதே நல்லது. காப்புறுதி லாபத்தை (பிரீமியத்தில் இழப்பீடும் செலவும் போக மிஞ்சுவது) மட்டும் வெளியீடாக வைக்க வேண்டாம்; அது நட்டமாகவும் வரலாம், எதிர்மறை எண்ணை அடிப்படை மாதிரி ஏற்காது.

ஆயுள், பொதுக் காப்பீடு இரண்டையும் ஒரே எல்லைக்கோட்டில் (மதிப்பெண் 1 பெறும் சிறந்த நிறுவனங்களை இணைக்கும் கோடு) வைக்கவே கூடாது.

ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு உற்பத்தித்திறன் எவ்வளவு மாறியது என்று காட்டும் மால்ம்குவிஸ்ட் குறியீடு 0.966 (1-க்குக் கீழ் என்றால் சரிவு) என்றதும் நிர்வாகத்தைக் குறை சொல்லாதீர்கள். பிரித்துப் பாருங்கள்: திறன் மாற்றம் 1.05, தொழில்நுட்ப மாற்றம் (எல்லைக்கோடே நகர்ந்தது) 0.92; பெருக்கினால் 0.966. நிறுவனம் எல்லையை நெருங்கியிருக்கிறது, எல்லைதான் பின்வாங்கியது.