நெல் மூட்டையை எண்ணும் தலைவன்

கேள்வி: உங்கள் இதழில் வரும் செஞ்சிக் கோட்டைத் தொடர்கதையை முதல் வாரத்திலிருந்து படிக்கிறேன். முற்றுகை தொடங்கி ஆறு வாரம் ஆகிவிட்டது, உருப்படியாக ஒரு சண்டை வரவில்லை. கோட்டைத் தலைவன் நெல் மூட்டையை எண்ணுகிறான், குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிறான், சிப்பாய்களிடம் சம்பள பாக்கி பேசுகிறான். வாளை உருவாதவன் என்ன தலைவன்? இது சரித்திரக் கதையா, ரேஷன் கடைக் கணக்கா?
– வாசகர் ஒருவர், ஆரணி

பதில்: ரேஷன் கடைக் கணக்கேதான். அதைப் போடத் தெரியாதவனிடம் கோட்டையை ஒப்படைத்தால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் சாக வேண்டியதுதான்.

நீங்களே போட்டுப் பாருங்கள். கோட்டைக்குள் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ அரிசி. ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் தினம் 10 மூட்டை, வருடத்துக்கு 3,650 மூட்டை. இதில் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் சேரவில்லை. அடுப்புக்கு விறகு சேரவில்லை. எலியும் வண்டும் ஈரமும் தின்றது போக மிஞ்சினால்தான் இந்தக் கணக்கும். எதிரி வந்து வளைத்துக்கொண்ட பிறகு ஒரு மூட்டைகூட உள்ளே வராது என்பதால், எல்லாவற்றையும் அதற்கு முன்பே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

ஆரணியில் இருக்கிறீர்கள். சேத்துப்பட்டு வழியாக பஸ் ஏறி ஒருமுறை செஞ்சிக்குப் போய் வாருங்கள். எல்லோரும் ராஜகிரி மலை உச்சிக்கு ஏறுகிற அவசரத்தில் அடிவாரத்து நெற்களஞ்சியத்தை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெயிலிலிருந்து நுழைந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மெல்ல மெல்ல வளைவுக் கூரை தெரியும், அப்புறம் சுவரின் கனம் தெரியும். ஊருக்கு மதில் கட்டியவர்கள் நெல்லுக்கும் ஒரு மதில் கட்டியிருக்கிறார்கள் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

பிறகு மலை ஏறுங்கள். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை ஆழமாகப் பிளந்திருக்கும், குறுக்கே ஒரு சிறிய பாலம். அந்தக் காலத்தில் அங்கே மரப் பலகைதான். பலகையை எடுத்துவிட்டால் எதிரி ஏற முடியாது என்று கூட வருகிறவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எடுத்த பிறகு மேலே இருப்பவனும் இறங்க முடியாது. அவன் அரிசியும் தண்ணீரும் அந்த உச்சியில் என்ன இருக்கிறதோ அவ்வளவுதான். நான் அந்தப் பாலத்தில் நின்றபோது, பலகையை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டவன் அன்று ராத்திரி எப்படித் தூங்கியிருப்பான் என்றுதான் யோசித்தேன். நம் எழுத்தாளர் எழுதிக்கொண்டிருப்பது அந்த ராத்திரியைத்தான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். சிவாஜியின் மகன் ராஜாராம் 1689-இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் கோட்டையை வளைத்தார். கோட்டை விழுந்தது 1698-இல். ஏறத்தாழ எட்டு வருடம்! மூன்று மலைகளையும் அவற்றை இணைக்கும் மதிலையும் முழுவதுமாகச் சுற்றி வளைக்க அந்தப் பெரிய படையாலும் முடியவில்லை. 1692 கடைசியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் இருவரும் மராத்தியக் குதிரைப்படையோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் மதில் பக்கம் வந்து முட்டவில்லை. முகலாயப் பாசறைக்குத் தானியம் வருகிற வழிகளை அடைத்தார்கள். காஞ்சிபுரத்து பௌஜ்தாரான (முகலாயப் படை அதிகாரி) அலி மர்தான் கானையே சந்தாஜி சிறைபிடித்தார். கோட்டையைப் பட்டினி போட வந்தவர்கள் தாங்களே பட்டினி கிடந்தார்கள். அந்தப் பாசறைக்குள் வேறு குழப்பம்: ஔரங்கசீப்பின் மகன் காம் பக்‌ஷ் ராஜாராமோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று தெரியவந்து, சொந்தத் தளபதிகளே அவரைக் காவலில் வைத்தார்கள். கடைசியில் சுல்ஃபிகர் கான் பெரிய பீரங்கிகளைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். திரும்ப வந்து கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் அங்கே இல்லை. எட்டு வருடம் யாருக்காகக் காத்திருந்தார்களோ அவர் அதற்கு முன்பே தப்பிப் போயிருந்தார்.

இந்த எட்டு வருடத்தில் வாள் உருவிய நாட்கள் எத்தனை இருந்திருக்கும்? மற்ற நாட்களில் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதாமல் எப்படி ஒருவர் முற்றுகைக் கதை எழுத முடியும்? சுரங்கப்பாதை வழியாக நாயகன் நுழைந்து விடிவதற்குள் கதவைத் திறந்துவிடுகிற கதைகள் எனக்கும் வாராவாரம் தபாலில் வருகின்றன. திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

“வாளை உருவாதவன் என்ன தலைவன்” என்கிறீர்கள். இதே கேள்வியைச் சங்கப் புலவர் கோவூர் கிழார் சோழன் நெடுங்கிள்ளியிடம் நேருக்கு நேர் கேட்டிருக்கிறார், புறநானூற்றின் 44-ஆம் பாட்டில். ஆவூர் முற்றுகைக்குள் இருக்கிறது, நெடுங்கிள்ளி உள்ளே கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறான். அறம் என்றால் வளைத்தவனிடம் ‘உனதே’ என்று சொல்லித் திற, மறம் என்றால் போரிட்டுத் திற, இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடப்பது வெட்கக்கேடு என்கிறார். நீங்கள் சொல்வது மாதிரியே இருக்கிறது, இல்லையா? ஆனால் அதற்கு முன் அவர் சொல்வதைப் பாருங்கள். குளத்தில் இறங்க முடியாமல், நெய் சேர்ந்த சோற்றுக் கவளம் கிடைக்காமல், தும்பிக்கையை மண்ணில் புரட்டி வெப்ப மூச்சு விடுகிற யானை. பால் இல்லாமல் அலறுகிற குழந்தை. பூ இல்லாத வெறுந்தலையை முடிந்துகொள்கிற பெண்கள். தண்ணீர் இல்லாத வீடுகளிலிருந்து வருகிற அழுகுரல். கதவைத் திற என்று அரசனிடம் சொல்லக் கவிஞர் அழைத்துவந்த சாட்சிகள் இவர்கள். தன் ஊரில் யார் வயிறு காய்கிறது என்று தெரிந்தவன்தான் எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று முடிவெடுக்க முடியும். நம் கதையில் வருகிறவன் மூட்டையை எண்ணுவது அதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தொல்காப்பியர் முற்றுகைப் போரான உழிஞையை மருதத்துக்குப் புறம், அதாவது அதற்கு இணையான போர்த் திணை, என்று வைத்தார். மருதம் என்றால் வயல். நெல் விளைகிற நிலத்தையும் கோட்டையை வளைக்கிற போரையும் ஒரே வரியில் சேர்த்தவர்களின் மொழியில் எழுதுகிறோம். நெல் கணக்கு இல்லாத முற்றுகைக் கதை இந்த மொழிக்கு ஆகாது.

உங்களோடு நான் ஒத்துப்போகிற இடமும் இருக்கிறது. ஆறு வாரம் படித்தும் உங்கள் மனதில் தலைவன் ஒருவன்தான் நிற்கிறான். கேள்வியில் ஒரு சிப்பாயின் பெயர்கூட வரவில்லை. அது உங்கள் தவறில்லை. நெல்லை எண்ணுகிறவனைக் காட்டிய எழுத்தாளர், அதைத் தின்கிறவனைக் காட்டவில்லை. அரைப்படி வாங்கிக்கொண்டு மதில்மேல் நிற்பவனுக்கு வெளியே பாசறையில் எரிகிற சமையல் நெருப்பு தெரியும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வாசனையும் வரும். அப்போது அவன் என்ன நினைத்தான், பக்கத்தில் நின்றவனிடம் என்ன சொன்னான்? இது கதையில் இல்லையே என்று போன வாரமே எழுத்தாளரிடம் கேட்டேன். ஒத்துக்கொண்டு இரண்டு அத்தியாயங்களைத் திருத்தி எழுதித் தந்திருக்கிறார்.

அதனால் இன்னும் இரண்டு வாரத்துக்குக் கதவு திறக்காது. அரைப்படி கால்படி ஆகிற ராத்திரி வருகிறது, காவல் மாறுகிற நேரத்தில். படித்துவிட்டு எழுதுங்கள்.