ஊர் ஊராய்ப் போய் ஆடும் கூடைப்பந்துப் பிழைப்பு: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

அஸ்தம்பட்டியிலிருந்து: அண்ணா, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வில் பத்து நாள் ஒப்பந்தம் என்கிறார்களே, நிஜமாகவே பத்தே நாள்தானா?

பத்து நாள் அல்லது மூன்று ஆட்டம், எது நீளமோ அது. ஜனவரி 5 முதல்தான் போட முடியும். ஒரே சீசனில் ஒரே அணி ஒருவருக்கு இரண்டு முறை தரலாம்; அதற்குமேல் வேண்டுமென்றால் சீசன் முடிய வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். யாராவது காயம்பட்ட நேரத்தில்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள் என்பதால், போய் இறங்கிய மறுநாளே அணியின் ஆட்டமுறைகள் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து: இப்படி அணி மாறிக்கொண்டே இருப்பவர் எத்தனை வருஷம் தாக்குப்பிடிப்பார்?

இஷ் ஸ்மித்தைப் பாருங்கள். உயரம் ஆறடி. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010-இல் அவரை யாரும் எடுக்கவில்லை. அப்படியும் 13 என்பிஏ அணிகளுக்கு ஆடினார், அது சாதனை. 2023-இல் டென்வர் அணியோடு பட்டமும் வாங்கினார். பந்தைத் தொலைக்காமல் வேகமாக முன்னே கொண்டுபோவது, மாற்று ஆளாக இறங்கி ஆட்டத்தைக் கெடுக்காமல் வைத்திருப்பது: அவரிடம் அணிகள் வாங்கியது அதைத்தான். புள்ளி அடிக்க எல்லா அணியிலும் ஆள் உண்டு. எதிராளியை மறிக்கவும், மூலையில் நின்று மூன்று புள்ளி போடவும் தெரிந்தவருக்குத்தான் திரும்பத் திரும்ப போன் வரும்.

அம்மாபேட்டையிலிருந்து: வெளிநாட்டு கிளப் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்கணும் சார்?

சம்பளத் தொகையைக் கடைசியில் பாருங்கள். அது வரிபோகக் கையில் வருவதா, எந்தத் தேதியில் வரும், எத்தனை நாள் தாமதித்தால் நீங்கள் விலகலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வீடு, போக வர விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். மருத்துவப் பரிசோதனை போனதும் முடியட்டும், அதில் தேறிவிட்டால் ஒப்பந்தம் உறுதி என்ற வரியும் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வாரம் ஆடவிட்டுப் பார்த்து, "முட்டி சரியில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள்.

முக்கியமானது, தகராறு வந்தால் சர்வதேச கூடைப்பந்துச் சம்மேளனமான பிபா-வின் (FIBA) கூடைப்பந்து நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற விதி. 2007-இல் தொடங்கிய மன்றம் அது. அந்த வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அந்தக் கதவு திறக்காது, அந்த நாட்டு கோர்ட்டில்தான் அலைய வேண்டும். இன்னொன்று: நாடு மாறும்போது பழைய நாட்டுச் சம்மேளனத்தின் அனுமதிக் கடிதம் வராமல் களத்தில் இறங்க முடியாது. இந்தக் காகிதம் தாமதமாகி முதல் ஆட்டங்களை வெளியே உட்கார்ந்து பார்ப்பவர்கள் உண்டு.

அதே வாசகர்: ஆட்டத்திலும் வித்தியாசம் இருக்குமா?

இருக்கும். என்பிஏ-வில் ஆட்டம் 48 நிமிடம், ஆறு பவுல் செய்தால் வெளியே. பிபா விதியில் 40 நிமிடம், ஐந்து பவுல். மூன்று புள்ளிக் கோடு என்பிஏ-வில் 7.24 மீட்டர், பிபா-வில் 6.75. என்பிஏ-வில் மறிப்பவர் எதிராளி யாரையும் ஒட்டி மறிக்காமல் கூடையடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது; பிபா-வில் அந்தத் தடை இல்லை. ஓடி உள்ளே நுழைந்தே பிழைத்தவர்கள் முதல் மாதம் திணறுவது இதனால்தான்.

ஆத்தூரிலிருந்து: பையனுக்கு 17 வயது, ஆறடி ஒரு அங்குலம். இந்த வழியில் விடலாமா?

நேராக வெளிநாட்டுக் கனவு வேண்டாம். ஏழடிக்கு மேல் உயரமுள்ள நம் நாட்டு வீரர் சத்னாம் சிங்கையே 2015 டிராஃப்டில் டல்லாஸ் அணி 52-ஆவதாக எடுத்தும், என்பிஏ ஆட்டத்தில் ஒரு முறைகூட இறங்கவில்லை. நம் ஊரில் பிழைப்பு தருவது வேலையும் கொடுத்து ஆடவைக்கும் இலாகா அணிகள்தான்: இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், வருமானவரி. அதை மட்டமாக நினைக்காதீர்கள், முட்டி போன பிறகும் மாதச் சம்பளம் வரும். மத்திய அரசு வேலைக்கு விளையாட்டுச் சான்றிதழ் வேண்டும்: மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழக அணிக்குப் படிவம் 3, பள்ளித் தேசியப் போட்டிக்குப் படிவம் 4. ஆடிய வருஷமே கையெழுத்து வாங்குங்கள். பெயரின் எழுத்து மதிப்பெண் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஏற்காட்டிலிருந்து: மலையில் ஓடினால் மூச்சுப்பலம் கூடுமா?

ஏற்றத்தில் ஓடுவதால் தொடைக்குப் பலம் வரும். மூச்சுப்பலம் கூடும்படி உயரத்தால் ரத்தத்தில் மாற்றம் வர வேண்டுமென்றால் 2,000 மீட்டர் உயரத்திலாவது சில வாரம் தங்க வேண்டும். ஏற்காடு 1,500 மீட்டர் அளவுதான். இறக்கத்தில் ஓட வேண்டாம், நடந்தே வாருங்கள். சிமென்ட் தளத்தில் தினமும் ஆடும் முட்டிக்கு அந்த அடி வேறு தேவையில்லை.