பக்கத்தில் வந்துவிட்டது – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா. நாங்கள் சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம். என் மகனுக்கு 13 வயது, உயர்நிலை 1. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு (பிஎஸ்எல்இ) முடிந்ததும் வாங்கிக் கொடுத்த போன்தான் வினையாகிவிட்டது. பள்ளியிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறான், ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை விளையாட்டு. வைஃபையை அணைத்தால் கத்துகிறான். ஒருமுறை கதவை எட்டி உதைத்தான். இவரோ ‘விடு, இப்ப இதுலயும் சம்பாதிக்கிறாங்க’ என்கிறார். மாமியார் ஆறு மாதம் திருச்சிக்கு அனுப்பச் சொல்கிறார். நீங்கள் முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவர். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம்? அவன் இதற்கு அடிமையாகிவிட்டானா? தமிழ்க் கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தால் கவனம் திரும்புமா? போன மாதம் என் கார்டில் 340 வெள்ளி போயிருந்தது, தீபாவளிக்கு உறையில் போட்டுக் கொடுத்த அங்பாவ் பணமும் அதிலேயே போச்சு, கேட்டால் ‘ஸ்கின்’, விளையாட்டில் வரும் பாத்திரத்துக்குப் போடுகிற சட்டை என்கிறான். அது வேறு.

– ஓர் அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் ‘அது வேறு’ என்று முடித்திருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

எத்தனை மணி நேரம்? 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை போக நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் என்று சுகாதார அமைச்சு 2025ல் சொன்னது. ஓர் எண் வேண்டுமென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சீனாவில் 2021ல் வாரத்துக்கே 3 மணி நேரம் என்று விதி போட்டார்கள். தென்கொரியாவில் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவுக்கு மேல் விளையாடக் கூடாது என்று 2011ல் கொண்டுவந்து, பத்து வருடம் கழித்து அவர்களே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். ஒரு தேசமே கைவிட்டதை உங்கள் வீட்டு ரௌட்டர் சாதிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடிமையா? உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது 2022 முதல் இருக்கிறது. விளையாட்டை நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாகிவிடுவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் விடமுடியாமல் தொடர்வது, இதெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்லக் கூடாது. தூக்கமும் பள்ளியும் கெட்டுக்கொண்டே போனால் மனநலக் கழகத்தில் இதைப் பார்ப்பதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. போங்கள், அதில் மானம் போக ஒன்றுமில்லை.

திருச்சியில் வைஃபை இல்லையா என்ன? (இதை மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.) தமிழ்ப் புத்தகம், தயவுசெய்து வேண்டாம். தண்டனையாகக் கையில் திணித்த புத்தகத்தை எந்தப் பிள்ளையும் படித்ததில்லை. முப்பது வருடம் திணித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

வைஃபை விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். மொபைல் லெஜெண்ட்ஸ் மாதிரி விளையாட்டில் ஐந்து பேர் ஓர் அணி. நடுவில் நிறுத்திவைத்துவிட்டு எழுந்துபோக அதில் வழியே கிடையாது. இவன் பாதியில் காணாமல் போனால் மற்ற நாலு பேரும் தவிப்பார்கள், இவன் பெயரில் புள்ளியும் குறைப்பார்கள். ஒரு ஆட்டம் கால் மணி நேரம், மிஞ்சினால் அரை மணி. கோல் போடப் போகிறவன் காலை வாரிவிட்டுவிட்டு ‘ஏண்டா கத்துற’ என்று கேட்டால் எப்படி? கதவருகில் நின்று ‘இந்த ஆட்டத்தோட வை’ என்று சொல்லுங்கள், அடுத்தது தொடங்கும் முன் போன் உங்கள் கைக்கு வர வேண்டும். கதவை உதைத்ததற்குத் தனியாகக் கண்டியுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது 340 வெள்ளி.

என் அப்பா நேவல் பேஸ் டாக்யார்டில் எலெக்ட்ரீஷியன். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், எங்களை அவ்வளவு நேசித்த மனிதர். ஃபோர்டி (4D) என்கிற நாலு இலக்க லாட்டரி மட்டும் எடுப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு 555 நோட்டு இருக்கும். மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதுவார்களே, அந்தச் சின்ன நோட்டுதான். அதில் பென்சிலால் வரிசையாக நாலு இலக்க எண்கள். விபத்தில் அடிபட்ட காரின் எண், செத்துப்போனவரின் வீட்டு எண், கனவில் பாம்பு வந்தால் அதற்கு ஓர் எண். காப்பிக்கடைக்கு நம்பர் எழுத ஒரு ஆள் வருவார், அவரிடம் காசு போகும். அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போகும், வரும், மறுபடி போகும். தோடு இல்லாத நாட்களில் துளை தூர்ந்துவிடாமல் இருக்க அம்மா காதில் துடைப்பக்குச்சியை ஒடித்துச் செருகியிருப்பார். நெருப்புக்குச்சியில் பாதி நீளம் இருக்கும். எனக்குப் பத்து வயது வரை எல்லா அம்மாக்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பரிசு 4781. அப்பா எடுத்திருந்தது 4718. அழப்போகிறார் என்று நான் பயந்துகொண்டு நிற்கிறேன், மனிதர் சிரிக்கிறார்! ‘பாத்தியாடா, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுச்சு. அடுத்த தடவ உள்ள வந்துரும்.’ அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தார், அதுவும் கடனில். கணக்குப்படி 4718ம் ஒன்றுதான், 0003ம் ஒன்றுதான், இரண்டுக்கும் சல்லிக்காசு கிடையாது. ஆனால் சுத்தமாகத் தோற்ற வாரங்களில் அப்பா ‘சரி விடு’ என்று பத்து நாள் நோட்டைத் தொடாமல் இருந்துவிடுவார். பக்கத்தில் வந்துபோன வாரங்களில்தான் தோடு போகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது வயதானது.

போன பொங்கலுக்கு என் தங்கையின் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பதினோரு வயது. சோபாவில் என் மேல் சாய்ந்துகொண்டு போன் விளையாட்டில் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தாள், உள்ளே எது விழும் என்று முன்கூட்டித் தெரியாத பரிசுப் பெட்டி. சும்மா திறக்கவில்லை அந்தப் பெட்டி. முதலில் குலுங்குகிறது, விளிம்பில் வெளிச்சம் கசிகிறது, மெதுவாகத் தங்க நிறம் ஏறுகிறது (தங்கம் என்றால் பெரிய பரிசாம்), பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், கடைசி நொடியில் தங்கம் வடிந்து ஊதாவாகிவிட்டது. ‘ஐயோ தாத்தா, சோ குளோஸ்!’ என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியும், இருந்தாலும் அப்படித்தான் இருந்தது. அப்பாவுக்காவது 4718 தற்செயலாக வந்தது. இங்கே பெட்டிக்குள் என்ன என்பது தொட்டவுடனேயே முடிவாகிவிட்டது. அந்தக் குலுக்கலும் வெளிச்சமும் காட்சிக்காகச் சேர்த்தது, சம்பளம் வாங்கிக்கொண்டு யாரோ உட்கார்ந்து வரைந்தது.

ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் புறாக்களை வைத்து இதைக் காட்டிவிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கொத்தினால் எப்போது தீனி விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்தும். நீங்களோ புறா எத்தனை மணி நேரம் கொத்தலாம் என்று என்னைக் கேட்கிறீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இதையும் கேளுங்கள். நம் ஊரில் ஃபோர்டி கவுண்டரில் சீட்டு வாங்க 18 வயதாக வேண்டும். கேசினோவுக்குள் போக 21 வயது, சிங்கப்பூரர் என்றால் ஒரு நாளைக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் வேறு. இத்தனை காவலும் போட்டு வைத்திருக்கிற ஊரில் 13 வயதுப் பையன் படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அம்மாவின் கார்டில், ராத்திரி ஒரு மணிக்குக் குலுக்கல் நடத்துகிறான் என்றால், அதை ‘அது வேறு’ என்று தள்ளிவிட்டு ரௌட்டரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பெல்ஜியத்தில் 2018லேயே காசு கொடுத்துத் திறக்கும் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டார்கள். ‘இதுலயும் சம்பாதிக்கிறாங்க’ என்கிற உங்கள் கணவரிடமும் ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் டோட்டா என்ற கணினி விளையாட்டின் உலகப் போட்டி இறுதிச் சுற்று நம் சிங்கப்பூர் உள்ளரங்கத்தில்தான் நடந்தது. அந்த மேடைக்கு யாரும் பெட்டி திறந்து வரவில்லை, அந்த விளையாட்டில் பெட்டிக்குள் கிடைப்பதெல்லாம் அலங்காரம் மட்டும்தான்.

ஒன்றை நானே ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பையன் ‘ஸ்கின்’ என்றான் அல்லவா, அது விலை போட்டு விற்கிற சட்டையாகவும் இருக்கலாம். நேராகக் கடையில் வாங்கியிருந்தால் அது வெறும் ஊதாரித்தனம், அடுத்த அங்பாவில் பிடித்துக்கொள்ளலாம். பெட்டி திறந்து விழுந்ததென்றால் கதை வேறு. எது என்று நீங்கள் கேட்கவே இல்லை.

கார்டை அவன் போனிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திட்டுகிற முகத்தை வெளியே வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிய கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் எது எத்தனை சதவீதம் விழும் என்று விளையாட்டிலேயே எழுதியிருக்கும், ஆப்பிள் 2017லிருந்து அதைக் காட்டச் சொல்கிறது. ஜென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டில் உயர்ந்த பாத்திரம் விழ ஒரு தடவைக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். ஃபோர்டியில் பத்தாயிரம் எண்ணுக்கு 23 பரிசு, அதாவது 0.23 சதவீதம். ‘பாருங்கம்மா, ஃபோர்டியவிட இது பரவால்ல’ என்று உங்கள் பையன் சொல்லக்கூடும், கணக்கும் சரிதான். ஃபோர்டியில் விழுந்தால் காசாவது வரும் என்று நீங்கள் சொல்லுங்கள். சிரிப்பான் என்று நினைக்கிறேன். சிரித்தால் ‘எது விழணும்னு திறந்த, எது விழுந்துச்சு’ என்று கேளுங்கள், அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் வேண்டாம்.

‘பக்கத்துல வந்துச்சும்மா’ என்று சொன்னானென்றால் எனக்கு எழுதுங்கள். அப்பாவின் 555 நோட்டு ஒன்று இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 4718 இருக்கிற பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு துடைப்பக்குச்சி வைத்திருக்கிறேன்.