கோவை கிடைக்காவிட்டால் கிள்ளிகுளம்

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பரும் வாழையும் உண்டு. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, பி.எஸ்சி. வேளாண்மைதான் படிப்பேன் என்று நிற்கிறாள். கட்ஆஃப் கோவைக்கு எட்டாது போலிருக்கிறது, கிள்ளிகுளம் கிடைக்கலாம். இதற்கிடையில் வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து தினமும் போன் வருகிறது. இப்போதே முன்பணம் கட்டினால் சீட் உறுதியாம். என்ன செய்ய?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முன்பணம் கட்டாதீர்கள். கலந்தாய்வு முடியட்டும்.

கோவை, மதுரை, கிள்ளிகுளம் மூன்றுமே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். பட்டம் ஒன்றுதான். கோவையில் ஆராய்ச்சி வசதி அதிகம், சரி. எம்.எஸ்சி.க்கு அங்கே போகலாமே. தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தை நான் மனதாரச் சொல்வேன். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் வளர்ந்த பிள்ளை அவள். மழைக்கு ஏங்குகிற நிலத்தில் எப்படி வெள்ளாமை எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

போன் செய்கிறவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: பட்டம் யார் தருகிறார்கள்? வேளாண் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால் யோசிக்கலாம். சொந்தமாகப் பட்டம் தருகிற இடமென்றால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின், அதாவது ஐ.சி.ஏ.ஆரின், அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேற்படிப்புக்குப் போகும்போது பிள்ளை சிக்கிக்கொள்வாள்.

அப்புறம், எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கட்டடத்தைக் காட்டத்தான் கூட்டிப்போவார்கள். பண்ணையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மாணவர்களே விதைத்து, களை பறித்து, அறுத்துக் கணக்குப் பார்க்கிற வயல் அங்கே இருக்கும். பாத்தியில் சின்னப் பலகை குத்தி, ரகமும் விதைத்த தேதியும் எழுதியிருப்பார்கள். அந்தத் தேதியைப் படியுங்கள். போன வருடத் தேதியும் முழங்கால் உயரக் களையுமாக இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். கடைசி வருடத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பார்க்க வேண்டும். உண்மையிலேயே தங்கினார்களா என்று நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால், மகளை பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் கூட்டிப்போங்கள். இரண்டும் இதே பல்கலைக்கழகத்தினுடையவை. நாம் நடுகிற டி.பி.எஸ். நெல் ரகங்கள் திருப்பதிசாரத்தில் உருவானவைதான். மட்டி வாழையிலும் கிராம்பிலும்தான் அவளுக்கு மனசு என்றால் பெரியகுளத்தில் பி.எஸ்சி. தோட்டக்கலை இருக்கிறது. ஆனால் வேளாண்மை அலுவலர் தேர்வுக்கு வேளாண்மைப் பட்டம் வேண்டும். தோட்டக்கலை அலுவலர் பதவி தனி. இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கலந்தாய்வுப் பட்டியலில் கோவையை முதலில் போடட்டும், அதில் நஷ்டமில்லை. மற்றதை அவளே வரிசைப்படுத்தட்டும்.