அந்தத் திங்கட்கிழமை

வணக்கம். எனக்கு வயது 44. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. இன்னும் மூன்று மாதத்தில் எட்டு நாட்களில் 800 கிலோமீட்டர் சைக்கிளில் போகத் திட்டமிட்டிருக்கிறேன். கேரியரில் பத்து கிலோ சுமை இருக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் தினமும் ஒரு மணி நேரம் மிதிக்கிறேன். சென்ற ஞாயிறு முதன்முறையாகச் சாலையில் 90 கி.மீ. ஓட்டினேன். கால்கள் தாங்கிவிட்டன. மறுநாள் உட்காரத்தான் முடியவில்லை. இடது சுண்டுவிரலும் மரத்துப்போயிருந்தது. எடை குறைந்த புதுச் சைக்கிள் வாங்கினால் சரியாகுமா? பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது? கூட வரும் நண்பர் என்னைவிட வேகமானவர் என்பது இன்னொரு கவலை.

ர.

அன்புள்ள ர.,

புதுச் சைக்கிளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்களும் சைக்கிளும் சுமையும் சேர்ந்தால் எப்படியும் நூறு கிலோவை நெருங்கும். அதில் இரண்டு கிலோ குறைவதற்காகப் பணத்தைக் கொட்டினால் சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் கொஞ்சம் தெரியும், ஆனால் அங்கும் கை கொடுப்பது தாழ்ந்த கியர்தான். பின்னால் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்தின் பற்களையும் முன்னால் இருக்கும் மிகச் சிறியதன் பற்களையும் எண்ணிப் பாருங்கள். பின்னது சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் சுமையோடு மேடேறலாம். குறைவாக இருந்தால், மாற்ற வழியுண்டா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தத் திங்கட்கிழமைதான். எட்டு நாள் பயணத்தில் அப்படி ஏழு மறுநாள்கள் உண்டு. வாரம் ஒருமுறை வெகுதூரம் ஓட்டிவிட்டு ஆறு நாள் ஓய்வெடுப்பவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவராது. எனவே சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டுங்கள். சனிக்கிழமை 50, ஞாயிறு 40 என்று தொடங்கலாம். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். நான்காவது வாரம்தோறும் வேண்டுமென்றே குறையுங்கள். பத்தாவது வாரவாக்கில் ஒருநாள் விடுப்பெடுத்து, முழுச் சுமையோடு அடுத்தடுத்து மூன்று நாள் 80, 90 என்று ஓட்டிப் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் பாதி தூரம் போதும். அப்போது கூடுதலாக ஓட்டுவது களைப்பைத்தான் சேர்க்கும். உடற்பயிற்சிக் கூடத்துச் சைக்கிளை வார நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று, குழி, சுமையின் ஆட்டம் எதையும் அது கற்றுத் தராது.

உட்கார முடியாததற்கு வருவோம். பலரும் உடனே அகலமான, மெத்தென்ற இருக்கையைத் தேடிப் போகிறார்கள். அரை மணி நேரத்துக்கு அது சொர்க்கம். நீண்ட தூரத்தில் தொடையை உரசும்; இடுப்பெலும்பின் இரண்டு முனைகள் தாங்க வேண்டிய எடையைச் சுற்றியுள்ள மென்மையான தசைமீது பரப்பிவிடும். முதலில் உயரத்தைச் சரிபாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே சற்று மடங்கும். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்ந்திருக்கிறது, பின்புறம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. ஒரு தடவைக்குச் சில மில்லிமீட்டர் மட்டும் மாற்றுங்கள். திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டைக்கு உள்ளே வேறு உள்ளாடை கூடாது. கடைக்காரர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்; தையல் உரசியே புண்ணாகும்.

சுண்டுவிரல் மரத்தது உள்ளங்கை ஓரமாகப் போகும் நரம்பு அழுந்தியதால் இருக்கலாம். உடலின் எடையைக் கைகளில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கைப்பிடியைச் சற்று உயர்த்தி, சில நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். அப்படியும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கும் பயிற்சி வேண்டும். தசையில் சேமித்த சர்க்கரை, கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வற்றத் தொடங்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், பசிக்கும்வரை காத்திருக்காமல் முதல் மணி நேரத்திலேயே. பயணத்தில் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதையே பயிற்சியிலும் சாப்பிட்டுப் பழகுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், உப்பும் சேரட்டும்.

நண்பரின் வேகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 20 கி.மீ. வேகத்தை 25 ஆக்கினால் காற்றை எதிர்க்கச் செலவாகும் திறன் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அவருக்காக அந்தச் செலவை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. பாரிஸிலிருந்து பிரான்ஸின் மேற்குக் கடலோர நகரமான பிரெஸ்டுக்குப் போய்த் திரும்பும் 1200 கி.மீ. ஓட்டத்தின் தொடக்கம் 1891இல். இன்று அதை முடிப்பதற்கான அதிகபட்ச அவகாசம் 90 மணி நேரம், தூக்கமும் சாப்பாடும் உட்பட. அதாவது சராசரி மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். எதிர்க்காற்றில் அவர் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் ஒதுங்குங்கள். ஆனால் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையக் கூடாது. தொட்டால் விழுவது நீங்கள்தான். மேட்டில் அவர் போய்விடுவார், போகட்டும். எங்கே காத்திருப்பது என்பதைக் காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். பம்பும் மாற்று டியூபும் இருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும்.

அன்புடன்.